முன் இடது டயர்

வண்டித் திரையில் முன் இடது டயருக்குக் காற்று இருபத்தைந்து என்று சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. நான் கீழே குந்தி உட்கார்ந்து காற்று அளக்கிற என் சொந்தக் கேஜை வைத்து மூன்று தடவை பார்த்துவிட்டேன். முப்பத்து மூன்று. இருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் இருபத்தைந்து. எனக்கு வந்ததே ஆத்திரம்! கண்ணெதிரே இருக்கிற டயரை நம்புவதா, கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிற நம்பரை நம்புவதா? அந்தத் திரையை ஸ்பானரால் ஒரு போடு போடலாமா என்று கை துறுதுறுத்தது.

என் பெயர் அம்புஜம். வீடு ஜீவனஹள்ளியில். ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஒரு டிராவல்ஸில் ஆறு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். பதினெட்டு வண்டி, பதினெட்டு டிரைவர், அதில் பெண் நான் ஒருத்தி. எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். வாய் இல்லாதவளாக இருந்தால் அந்த யார்டில் ஆறு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

எங்கள் யார்டில் ஒரு சட்டம் உண்டு. டயரில் காற்று குறைந்தால் வண்டியே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பிவிடும். டிரைவர் ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சரி செய்யவில்லை என்றால் அவர் பேரில் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் கார்டு பிளாக். கார்டு இல்லாதவனுக்கு எந்தக் கம்பெனியின் கேட்டுக் கதவும் திறக்காது. வேலை போயிற்று என்று அர்த்தம். எனக்கு இரண்டே நாளில் இரண்டு புள்ளி விழுந்திருந்தது.

போன வாரம் சுனிலுக்கு மூன்றும் விழுந்து கார்டு போயிற்று. இருபத்தாறு வயசுப் பையன், நீலசந்திராக்காரன், பதினொன்றாம் நம்பர் வண்டி ஓட்டியவன். பிளாக் செய்கிற தாளில் மேனேஜரோடு டிரைவர்கள் சார்பில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த டிரைவர் ரெப் நான்தான். ‘காற்று பார்ப்பதில் அலட்சியம்’ என்ற வரிக்குக் கீழே அம்புஜம் என்று எழுதியது இந்தக் கைதான். “காத்து கரெக்டாத்தான்க்கா இருக்கு, மெஷினு பொய் சொல்லுது” என்று அவன் புலம்பினான். போனை நோண்டுகிற நேரத்தில் பாதி நேரம் டயரைப் பார்த்திருந்தால் இந்தக் கதி வருமா என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, எல்லார் முன்னாலும் சொல்லவும் சொன்னேன்.

இப்போது அதே மெஷின் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று மேனேஜர் சேஷகிரியின் அறைக்குப் போனேன்.

“சார், சென்சாரு கெட்டுப்போச்சு. டயர்ல முப்பத்து மூணு இருக்கு. உங்க கம்ப்யூட்டரு என் தலையில கல்லைப் போடுது.”

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம், பேச்சில் பாதிக்குப் பாதி கன்னடம் கலந்திருக்கும். “நோடி அம்மா, சென்சார் கெட்டிருந்தா கெட்டிருக்குன்னு ஒரு மெக்கானிக் எழுதிக் குடுக்கட்டும். மூணு மணிக்குள்ள பேப்பர் என் டேபிள்ல இருக்கணும். இல்லேன்னா மூணாவது புள்ளி விழுந்துடும். நான் என்ன செய்ய? சுனிலுக்கு ஒரு ரூல், உங்களுக்கு ஒரு ரூல் வெக்க முடியாதில்லையா?”

“அவனும் நானும் ஒண்ணா சார்? நான் தினம் காலைல காத்துப் பாக்கறவ!”

“அதையும் எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார். சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மணி பன்னிரண்டரை. வண்டியை எடுத்துக்கொண்டு மர்பி டவுனுக்கு விட்டேன். அங்கே கிளெமென்ட் அண்ணனின் டயர் கடை. பங்க்சர், அலைன்மென்ட், சென்சார் எல்லாம் பார்ப்பார். பத்து நிமிஷ வேலை, ஒரு தாளில் நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் சிவப்பு. முன்னால் போன ஆட்டோக்காரனை, ஹாரன் அடித்த பைக் பையனை, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்ற தண்ணீர் லாரியை, ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே போனேன்.

“அண்ணா, சென்சாரு போச்சுன்னு ஒரு லெட்டர் குடுங்க. அவசரம்.”

கிளெமென்ட் கை துடைத்துக்கொண்டே வந்தார். “போச்சுன்னு யாரு சொன்னது?”

“நான் சொல்றேன்.”

“நீ சொன்னா போயிடுமா? வண்டிய ஸ்டார்ட் பண்ணு.”

ஸ்டார்ட் செய்தேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரையில் இருந்த மஞ்சள் விளக்கையே பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. எனக்குத் தலை வெடிக்கும் போல இருந்தது.

“இந்த லைட்டு மினுக்குதா, ஒரே மாதிரி நிக்குதா?”

“நிக்குது. அதுக்கு இன்னா இப்போ?”

“சென்சாரு செத்துப்போயிருந்தா, ஸ்டார்ட் பண்ண ஒடனே கொஞ்ச நேரம் மினுக்கிட்டு அப்பறந்தான் நிக்கும். இது மொதல்லருந்தே நிக்குது. சென்சாரு உயிரோட இருக்கு. எங்கயோ காத்து கம்மின்னு சொல்லுது.”

“எங்கயோ இல்லண்ணா, முன் இடதுன்னு சொல்லுது! அங்க முப்பத்து மூணு இருக்கு! இந்தாங்க கேஜு, நீங்களே பாருங்க!”

பார்த்தார். முப்பத்து மூன்று. கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்து டயரின் வால்வு பக்கத்தில் பிடித்தார். அது பீப் என்றது. “பேட்டரி நல்லா இருக்கு. சென்சாரு பேசுது. கெட்டுப்போச்சுன்னு நான் எழுத முடியாதும்மா.”

அவ்வளவுதான். எனக்குக் கண்மண் தெரியவில்லை. “எழுத முடியாதா? உங்க சொத்தையா எழுதிக் கேட்டேன்? நாலு வரி! என் வேல போவுது அண்ணா, வேல! எம் பொண்ணு காலேஜு நடுவுல நிக்குது, வீட்டுல சம்பாதிக்கறவ நான் ஒருத்தி, நீங்க இங்க உட்கார்ந்துக்கிட்டு அரிச்சந்திரன் வேஷம் கட்டறீங்க!”

பக்கத்துக் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். “ரெண்டு நாளா இந்தப் பைத்தியக்கார மெஷினோட மாரடிக்கிறேன். இருபத்தஞ்சுன்னு காட்டுதேன்னு நேத்து இதே டயருக்கு நாப்பது வரைக்கும் அடிச்சேன். முன்னாடி இருபத்தஞ்சு அப்படியே நிக்குது, பின் வலதுல நம்பரு நாப்பதுக்கு ஏறுது! திரும்ப முப்பத்து மூணுக்கே எறக்க வேண்டியதாச்சு. முன்னாடி அடிச்சா பின்னாடி ஏறுமா? இது கெடலன்னா வேற எதுதான் கெட்டுப்போச்சு, என் மூளையா?”

கிளெமென்ட் கையை உயர்த்தினார். “இரு இரு. இப்ப இன்னா சொன்ன?”

“உங்க காதும் போச்சா?”

“முன்னாடி அடிச்சா பின்னாடி ஏறுச்சா?”

“ஆமா!”

அவர் வண்டியைச் சுற்றிப் பின் வலது டயருக்குப் போனார். என் கேஜைத்தான் வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருபத்தைந்து.

நான் அவர் கையிலிருந்து கேஜைப் பிடுங்கி மறுபடி வைத்தேன். இருபத்தைந்துதான்.

“மத்த டயருக்கெல்லாம் கேஜு வெச்சுப் பாக்கலியா நீ?”

“அதுலதான் திரையில சரியா காட்டுச்சே...”

“மூணு டயருக்கு மெஷின நம்புவ, ஒரு டயருக்கு மட்டும் நம்ப மாட்ட. நல்லாருக்கே ஞாயம்!”

பிறகு என்னை வண்டிக்குள் உட்காரச் சொல்லிவிட்டு முன் இடது டயரிலிருந்து புஸ்ஸென்று காற்றை இறக்கினார். காற்று சட்டென்று இறங்கினால் சென்சார் உடனே சொல்லிவிடும் என்றார். சொல்லிற்று. திரையில் பின் வலது நம்பர் விழுந்தது. முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு. முன் இடது நம்பர் அசையவே இல்லை.

“சென்சாரு உன்கிட்ட பொய் சொல்லவே இல்ல. இது முன் இடது சக்கரம்னு கம்பெனியில அதுக்கு ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டாங்க. அந்தச் சக்கரத்தக் கொண்டுபோய் பின்னாடி மாட்டிட்டா அதுக்கு எப்பிடித் தெரியும்? அது பாட்டுக்கு முன் இடதுன்னே சொல்லிக்கிட்டிருக்கும். சக்கரத்த இடம் மாத்துனா மெஷினுக்கும் புதுசா சொல்லித் தரணும்.” தரையில் உட்கார்ந்து அந்தப் பின் டயரைத் தடவிப் பார்த்து, உள்பக்கத்தில் புதைந்திருந்த ஒரு ஸ்க்ரூவைக் காட்டினார். “யாரும்மா மாத்தி மாட்டுனது?”

எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் யார்டில் வண்டிகளைச் சும்மா கழுவிப் பொட்டு வைப்பதோடு விடமாட்டோம். சக்கரங்களைக் கழற்றி, ரிம்மை உள்ளும் வெளியும் தேய்த்துப் பாலிஷ் போட்டு, அப்புறம் மாட்டி, அதன் பிறகுதான் எலுமிச்சம்பழம். ஆரம்பித்து வைத்தது நான்தான். இந்த வருஷமும் முன்னால் நின்று பதினெட்டு வண்டியையும் ஜாக்கி வைத்துத் தூக்க வைத்தேன். சுனில் ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, “அக்கா, எது எங்க இருந்துச்சுன்னு மார்க் பண்ணிடலாமா?” என்றான். “எல்லாம் ஒரே சைஸு, எது எங்க போனா இன்னா? சக்கரத்துக்கு ஜாதகம் பாக்கப் போறியா?” என்று நான் சொன்னதும் யார்டே சிரித்தது. அவன் வண்டிச் சக்கரங்களை உருட்டிக் கொடுத்ததும் நான்தான். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

“நான்தாண்ணா மாட்டுனேன்” என்றேன்.

“ஒன் வண்டி மட்டுமா?”

“பதினெட்டும்.”

கிளெமென்ட் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. பங்க்சரைப் போட்டு, சக்கரங்களை அதனதன் இடத்தில் மாட்டி, நான் கேட்ட தாளையும் எழுதிக் கொடுத்தார். ‘சென்சாரில் கோளாறு இல்லை. சக்கரங்கள் இடம் மாறி மாட்டப்பட்டதால் காற்று குறைந்த டயரின் பெயர் தவறாகக் காட்டப்பட்டது.’ கையெழுத்து, கடை முத்திரை, தேதி.

யார்டுக்குத் திரும்பும்போது இரண்டரை. நான் ஆபீஸுக்குள் போகவில்லை. நேரே பதினொன்றாம் நம்பர் வண்டிக்குப் போனேன். சுனில் போனதிலிருந்து அதை நாளுக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள், அதனால் ஒருவர் பேரிலும் மூன்று புள்ளி சேரவில்லை. அன்றைய ஆள் சாப்பிடப் போயிருந்தார். சாவி போர்டில் தொங்கியது. திரையைப் போட்டுப் பார்த்தேன். பின் இடது இருபத்திரண்டு என்று சிவப்பில் இருந்தது. பின் இடதில் கேஜை வைத்தேன். முப்பத்து மூன்று. அடுத்ததில் வைத்தேன், சரி. அடுத்ததில் வைத்தேன், சரி. முன் வலதில் வைத்தேன். இருபத்திரண்டு.

அந்தப் பையன் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு வாரமாக அந்த டயரோடு ஐந்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி ரிங் ரோட்டில் எண்பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சேஷகிரியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து காட்டினேன். கிளெமென்ட்டின் தாளையும் கொடுத்தேன். அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். நல்ல மனிதர்தான், முகம் வெளுத்துவிட்டது. உடனே ஆளை அனுப்பி, நாலு மணி ஷிஃப்டுக்குள் பதினெட்டு வண்டிக்கும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

“ஆயிது அம்மா, உங்க ரெண்டு புள்ளியையும் எடுத்துடறேன். போய் ஊட்டா பண்ணுங்க.”

“சுனிலு?”

“அது முடிஞ்சுபோன விஷயம்.”

“எப்பிடி சார் முடியும்? அவன் மேல ஒரு தப்பும் இல்ல!”

அவர் குரலைத் தாழ்த்தினார். “மெல்லப் பேசுங்க. ஃபைல் ஹெட் ஆபீஸ் போயாச்சு. திரும்பத் திறக்கணும்னா ஏன்னு கேப்பாங்க. தப்புன்னு தெரியாம யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேப்பாங்க. சக்கரத்த மாத்தினது நீங்க. அலட்சியம்னு கையெழுத்துப் போட்டதும் நீங்க. சுனில் கார்டு திரும்ப வரும், உங்க கார்டு போயிடும். யோசிச்சுப் பாருங்க. அவன் சின்னப் பையன், வேற எடம் கெடைக்கும். உங்களுக்கு எதுக்கு இந்த கிரிகிரி?”

“அந்தத் தாள்ல உங்க கையெழுத்தும் இருக்கு சார்.”

“டிரைவர் ரெப் சொன்னத நம்பி நான் போட்டேன்.”

“ஓஹோ! அப்பிடி வர்றீங்களா?” எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “நான் போட்டேன்னு நீங்க, நீங்க போட்டீங்கன்னு நான், ரெண்டு பேரும் மெஷின் போட்டுச்சுன்னு! ரெண்டு பேருல ஒருத்தராவது ஒரு டயரைத் தொட்டுப் பாத்தோமா சார்? அவன் சோத்துல மண்ணப் போட்டுட்டு நான் போயி ஊட்டா பண்ணணுமா? எனக்குத் தொண்டைல எறங்குமா? பேப்பர் குடுங்க!”

“அம்புஜம் அம்மா, பேடா, வேணாம்...”

“குடுங்கன்றேன்!”

அவர் மேஜையிலேயே, அவர் பேனாவிலேயே எழுதினேன். சுனிலின் வண்டியில் சக்கரங்களை இடம் மாற்றி மாட்டியது நான். மார்க் செய்யலாம் என்று அவர் சொன்னபோது வேண்டாம் என்றது நான். அவர் வண்டியை ஒரு முறைகூடச் சோதிக்காமல் அலட்சியம் என்று கையெழுத்திட்டது நான். எனக்குக் கோபம் வந்தால் எழுத்து பெரிதாகிவிடும், ஒரு பக்கம் முழுக்க நிரம்பிற்று. கடைசி வரியாக, மேனேஜரும் சோதிக்கவில்லை என்று சேர்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியை அடித்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“மேல அனுப்பறேன். சுனில திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. விசாரணை முடியற வரைக்கும் உங்க கார்டு...”

அவர் முடிப்பதற்குள் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டேன்.

நாலு மணி ஷிஃப்டுக்கு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. என் வண்டியையும் வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். நான் காம்பவுண்டு சுவரோரம் நின்று சுனிலுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம். யாரோ ஒருவருடைய பைக்கை வாங்கிக்கொண்டு பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறானாம்.

“டேய் சுனிலு, திங்கக்கெழம யார்டுக்கு வாடா. உன் கார்டு வந்துடும்” என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போன் போட்டேன், அப்போதும் எனக்கு அதட்டலாகத்தான் வந்தது. பிறகு ஒன்றுவிடாமல் சொன்னேன். முன் வலது இருபத்திரண்டு, நான் உருட்டிக் கொடுத்த சக்கரம், நான் எழுதிக் கொடுத்த தாள், மேஜையில் கிடக்கிற என் கார்டு.

அவன் முழுக்கக் கேட்டான். அப்புறம் பேச ஆரம்பித்தான். இந்த ஆறு வருஷத்தில் யார்டில் என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை, பேசவும் நான் விட்டதில்லை. எத்தனை பேர் முன்னால் அவனைச் சோம்பேறி என்றேன், அவன் சம்பந்தம் பேசியிருந்த வீட்டில் என்ன கேட்டார்கள், அவன் அம்மா இரண்டு நாள் எப்படிச் சாப்பிடாமல் கிடந்தாள், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிக் கேட்டான். அக்கா என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தினான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி அந்தப் பேப்பர உங்க கைல குடுத்தப்போ, ஒரே ஒரு தடவ வண்டிகிட்ட வந்து பாருங்கன்னு உங்க கால்ல விழாத கொறையா கெஞ்சுனேன். வண்டி அங்கயே, உங்க பின்னாடிதான் நின்னுச்சு. ஏன் வரல?”

யோசித்தேன். வேலை இருந்தது என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் அவசரப்படுத்தினார் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

“டீ ஆறிடும்னு வரல சுனிலு” என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.